எங்கள் வீட்டு ஊஞ்சல் நாடகத்துக்குப் போன விவரம்

கோயமுத்தூர், டாடாபாத்.
12-9-61.

காரமடை ராமுலு நாயுடு அவர்கள் சமூகத்துக்கு, டாடாபாத் வரதராஜுலு கைகூப்பி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் என் சம்சாரம் ரங்கநாயகியும் மகள் வரலட்சுமியும் க்ஷேமம். சிறுவாணித் தண்ணீர் காலையில் இரண்டு மணி நேரம் தவறாமல் வருகிறது. அவ்விடம் தாங்களும், தங்கள் சம்சாரம் பங்காரம்மா அவர்களும், சிரஞ்சீவி திருவேங்கடமும், அன்று கூட வந்திருந்த மற்ற நான்கு பேரும் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் அருள் புரிய வேண்டும். அந்த நால்வரில் பட்டுத் தலைப்பாகை கட்டியிருந்த பெரியவருக்கு இடுப்புப் பிடிப்பு விட்டதா என்று அவசியம் தெரிவிக்கவும். எங்களுக்கு அதே கவலையாக இருக்கிறது.

முதல் வரியில் தங்களை “சம்பந்தி” என்று எழுதிவிட்டு, அது சரியில்லை என்று வேறு தாள் எடுத்து எழுதுகிறேன். தாங்கள் ஏழு பேராக எங்கள் வரலட்சுமியைப் பெண் பார்க்க வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. புறப்படும்போது டாக்சிக் கதவைப் பிடித்துக்கொண்டு “யோசிச்சுச் சொல்றோமுங்க” என்றீர்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். என் தங்கையைப் பார்த்துவிட்டுப் போன மூன்று இடத்துக்காரர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பேரனும் எடுத்துவிட்டாள். தங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அன்று நடந்ததைத் தாங்கள் ஏழு பேரும் பார்த்தீர்கள், கூடவே அறுநூறு பேர் பார்த்தார்கள். ஆனால் அது ஏன் நடந்தது என்று முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை எழுதிவிட்டால் என் மனசு ஆறும். தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

நான் மில்லில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ஒரு விளக்குமாறு வெளியே போவதென்றாலும் என் கையெழுத்து வேண்டும். மானேஜரே வந்து ஒரு போல்ட்டு கேட்டாலும் “சீட்டுக் கொண்டாங்க” என்றுதான் சொல்வேன். ஆனால் அது மில் சாமான். சொந்தச் சாமான் என்று வரும்போது எனக்கு அந்த வீரம் வருவதில்லை, அதற்குக் காரணம் வளர்ப்பு. ஒருவர் நம் வீட்டுக்கு வந்து ஒரு பொருளைப் பார்த்து “நல்லா இருக்குதுங்க” என்றால், “எடுத்துக்குங்க” என்று சொல்ல வேண்டும் என்பது நமக்கு மூன்று வயதில் சொல்லித் தந்தது. உடனே அவர் “வேண்டாமுங்க, உங்க ஊட்ல இருந்தாத்தானுங்க அழகு” என்பார். இரண்டு பேருக்கும் மரியாதை, பொருள் இருந்த இடத்தில் இருக்கும். கோயமுத்தூர் ஜில்லாவில் எத்தனையோ தலைமுறையாக இந்த ஏற்பாடு நடந்துவருகிறது, இதனால் ஒரு சொம்பு இடம் மாறியது என்று நான் கேள்விப்பட்டதில்லை.

போன தை மாதம் எங்கள் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தோம். வாடகை வீட்டில் இருபத்தாறு வருஷம், ஆணி அடிப்பதற்குக்கூட அனுமதி கேட்டு வாழ்ந்துவிட்டுச் சொந்த வீடு கட்டினால் ஒருவனுக்கு எப்படி இருக்கும் என்று தங்களுக்குத் தெரியும். முதல் ஒரு வாரம் நான் தேவையில்லாமல் எட்டு ஆணி அடித்தேன். கூடத்தில் தேக்குப் பலகை ஊஞ்சல், சுவர்க் கடிகாரம், பெஞ்சு, நான்கு நாற்காலி, நிலைக்கண்ணாடி, ரேடியோ, பவானி ஜமுக்காளம் எல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, மில் பழக்கத்தில் ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புப் பெயிண்டில் “ரா.வ.” என்று போட்டு வைத்தேன். கிரகப்பிரவேசத்துக்குப் பக்கத்து வீதியிலிருந்து பாக்கியசாமி என்பவர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், நல்ல மனிதர், நொய்யல் நாடக சபா என்ற ஒன்றுக்குக் காரியதரிசி. ஊர் திருநெல்வேலிப் பக்கம். மாற்றலாகி வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இந்தக் கடைசி விஷயத்தை நான் கவனித்திருக்க வேண்டும். அவர் பாயசம் குடித்துவிட்டு ஊஞ்சலைத் தடவிப் பார்த்து, “ஊஞ்சல் ஜோரா இருக்கு அண்ணாச்சி” என்றார். நான் “எடுத்துக்குங்க” என்றேன். சொல்லிவிட்டு, அவர் சொல்ல வேண்டிய பதிலுக்காகச் சிரித்த முகத்தோடு நின்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாயந்திரம் நாகூர் மீரான் என்பவருடைய ஒற்றை மாட்டு வண்டி வாசலில் வந்து நின்றது.

வண்டி வந்து நின்ற பிறகு என்ன செய்ய முடியும். சொன்ன வாயால் இல்லையென்று சொல்வதா. சங்கிலியைக் கழற்ற நானே ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் சபாவின் நாடக நோட்டீசில் “ஊஞ்சல் உதவி: டாடாபாத் திரு. வரதராஜுலு அவர்கள்” என்று அச்சாகி வந்தது. பொய் சொல்லக் கூடாது, அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மில்லில் முப்பத்தோரு வருஷத்தில் என் பெயர் அச்சில் வந்தது ஒரே தடவை, ரிட்டையரானவர்கள் பட்டியலில். நன்றி சொல்ல வந்த பாக்கியசாமி வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்து “மணி அடிக்கிற சத்தம் கோயில் மணி கணக்கா இருக்கே அண்ணாச்சி” என்றார். நான் என் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் அந்த வார்த்தை வந்துவிட்டது. மாசியில் கடிகாரம், பங்குனியில் பெஞ்சும் நாற்காலிகளும், சித்திரையில் நிலைக்கண்ணாடி, வைகாசியில் ஜமுக்காளமும் காப்பித் தட்டும் எவர்சில்வர் டம்ளர்களும். ரேடியோவை அவர் புகழக்கூட இல்லை, “இது எத்தனை வால்வு அண்ணாச்சி” என்று விசாரித்தார், அதற்கே சொல்லிவிட்டேன். நோட்டீசில் என் பெயர் மாதத்துக்கு மாதம் பெரிய எழுத்தாகி, ஆடி மாதம் கதாநாயகன் பெயருக்கு மேலே வந்தது. ரங்கநாயகி அன்று சமையலறையிலிருந்து வெளியே வந்து, “ஊட்டச் சுத்திப் பார்த்துட்டேனுங்க, இனி சுவருதான் பாக்கி, அதையும் அந்த வாத்தியார நல்லா இருக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க” என்றாள். இதை அவள் தெலுங்கில் சொன்னாள். நமக்கு வீட்டில் தெலுங்கு, எழுத்துக்குத் தமிழ் என்று ஆகிவிட்டதால் தமிழில் எழுதியிருக்கிறேன், இதில் அந்தக் காரம் பாதிகூட வரவில்லை.

இதனால் ஏற்பட்ட ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும். நான் நாடகம் பார்க்கிற ஆள் இல்லை. ஊஞ்சலைப் பார்க்கத்தான் போனேன். முன்வரிசையில் என் பெயர் எழுதிய நாற்காலி போட்டிருந்தார்கள், அது என் நாற்காலியேதான். சாயந்திரம் வீட்டில் உட்கார இடமில்லாததால் வாரத்தில் இரண்டு நாள் போய்ப் போய், புராணம், சமூகம், சரித்திரம் என்று இந்த ஊரில் நடந்த நாடகம் ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். இப்போது நாடகம் நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரிகிறது. நல்ல நடிகன் நாற்காலியைத் தூக்கி வைப்பான், மட்டமானவன் தரையில் இழுப்பான். அழுகிற காட்சியில் ஒரு அம்மாள் எண்ணெய்த் தலையை என் நிலைக்கண்ணாடியில் சாய்த்து அழுதார், சனங்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், எனக்கும் அழுகை வந்தது. அசோகவனத்துக் காட்சியில் சீதை எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வரலட்சுமியும் கூட வருவாள். பி.ஏ. படித்துவிட்டுப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற பிள்ளை, அவளுக்கு இதில் எல்லாம் ருசி உண்டு. “அப்பா, நம்ம ஊட்ட விட இங்க நம்ம ஊடு நல்லா இருக்குதுங்க” என்று ஒரு நாள் சொன்னாள்.

தங்கள் வீட்டு வரன் வந்தபோது நான் முதல் காரியமாகப் பாக்கியசாமி வாத்தியாரிடம் போய், திங்கட்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், சாமான்கள் கொஞ்சம் வேண்டியிருக்கிறது என்று கேட்டேன். என் சாமானைக் கேட்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. முதலில் மழையைப் பற்றிப் பேசினேன். அவர் ஒரு நிமிஷம்கூடத் தயங்காமல், “அதுக்கென்ன அண்ணாச்சி, ஞாயித்துக்கெழமையோட ‘பங்களா வீட்டுப் பாக்கியம்’ கடைசி ஆட்டம், முடிஞ்ச கையோட மொத்தத்தையும் வண்டில ஏத்திருதேன்” என்றார். நான் நிம்மதியாகத் திரும்பினேன். தங்கள் பேரில் குறையில்லை, ஆனால் தாங்கள் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டீர்கள். பீளமேட்டில் ஒரு விசேஷத்துக்கு வந்தோம், ரெண்டு நடை எதுக்குங்க, ஒரே நடையில பார்த்துட்டுப் போயிரலாமுங்க என்றீர்கள். நியாயம்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். நான் “வாங்க, வாங்க, உக்காருங்க” என்றேன். ஏழு பேரும் உட்கார இடம் தேடிச் சுற்றிலும் பார்த்தீர்கள். கூடத்தில் நான் அடித்த எட்டு ஆணியும் தாங்களும்தான் இருந்தீர்கள். சங்கடத்தை மறைக்கப் பங்காரம்மா அவர்கள் கீழே பார்த்து, “மொசைக்குத் தரை நல்லா இருக்குதுங்க” என்றார்கள். நான் “எடுத்துக்குங்க” என்றேன். “வேண்டாமுங்க, உங்க ஊட்ல இருந்தாத்தானுங்க அழகு” என்று அந்த அம்மாள் முறைப்படி சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு மாதத்தில் அந்தப் பதிலை முதல்முறையாகக் கேட்கிறேன். இந்தக் குடும்பத்தில்தான் என் பெண் வாழ வேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

இல்லாததைச் சொல்ல வாய் வராமல், “வாங்க, ஒரு நாடகம் பார்த்துட்டு வரலாமுங்க” என்று தங்களைக் கூட்டிப்போனேன், ரங்கநாயகியும் வரலட்சுமியும் பின்னாலேயே வந்தார்கள். தங்களுக்கும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை என்பது இப்போது புரிகிறது. திரை தூக்கினார்கள். ஜமீன்தார் வீட்டுக் கூடம். தாங்கள் என் பக்கம் சாய்ந்து, “ஊடுன்னா இப்படியில்லீங்க இருக்கோணும்” என்று மெதுவாகச் சொன்னீர்கள். என்னால் தாங்க முடியவில்லை. “அது எங்க ஊடுதானுங்க” என்றேன். தாங்கள் நாற்காலியோடு அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொண்டீர்கள். ஊஞ்சல் பலகைக்கு அடியில் என் பெயர் இருக்கிறது என்று சொன்னதும் இன்னும் நகர்ந்தீர்கள். பெண்ணின் தகப்பனுக்குச் சித்தம் சரியில்லை என்று நினைத்துவிட்டால் என் பெண் கதி என்னாவது. ஆகவே இடைவேளை விட்டதும் எல்லோரையும் மேடைக்கு அழைத்துப்போய்த் திரைக்குப் பின்னால் ஒவ்வொரு சாமானாகக் காட்டினேன். தலைப்பாகைப் பெரியவர் ஊஞ்சலுக்கு அடியில் குனிந்து “ஆமாங்க, ரா.வ. போட்டிருக்குதுங்க” என்று சாட்சி சொன்னார், ஆனால் நிமிர முடியவில்லை. பங்காரம்மா அவர்கள், “ஏனுங்க, இதெல்லாம் இங்க எப்படீங்க வந்துச்சு” என்று கேட்டார்கள். நான் மறைக்காமல் தை மாதத்திலிருந்து சொன்னேன். பக்கத்தில் நின்ற பாக்கியசாமி வாத்தியாரும் பெருமையாக, “எங்க அண்ணாச்சி தங்கமானவங்கம்மா, நல்லாருக்குன்னு ஒரு சொல்லு சொன்னாப் போதும், எடுத்துக்கிடுங்கன்னுருவாங்க” என்றார். அந்த அம்மாள் அதைக் கேட்டதிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்கள். இதையும் நான் கவனித்தேன்.

எல்லாரும் என் பெஞ்சிலும் நாற்காலியிலும் ஊஞ்சலிலும் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்த ரங்கநாயகி, ராகு காலமும் கழிந்துவிட்டது, இங்கேயே பெண்ணைக் காட்டிவிடலாம் என்று சொன்னாள். இதில் தப்பில்லை, எங்கள் சாமான் இருக்கிற இடம்தானே எங்கள் கூடம். கேண்டீனிலிருந்து காப்பி வரவழைத்து, எங்கள் தட்டில் தயாராக இருந்த எங்கள் எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, தட்டோடு வரலட்சுமி எடுத்துவந்தாள். இங்கே இரண்டு விஷயம் எங்களுக்குத் தெரியாது. ஒன்று, நாடகத்தின் இரண்டாம் அங்கமும் ஒரு பெண் காப்பித் தட்டோடு வருவதில்தான் தொடங்குகிறது. திரை இழுக்கிற சின்னான் ஓரமாக எட்டிப் பார்த்தார், பெண் வந்தாள், தட்டு இருந்தது, கயிற்றை இழுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அறுநூறு பேர் எதிரே நாம் பத்துப் பேர் இருந்தோம். இரண்டாவது, நடிக்கிற அவசரத்தில் டம்ளர் சாயாமல் இருக்கச் சீன் வரைகிற ஆரோக்கியதாஸ் டம்ளர்களை வஜ்ரப் பசை காய்ச்சித் தட்டோடு ஒட்டி வைத்திருந்தார். தாங்கள் ஒரு டம்ளரைத் தூக்கினீர்கள், தட்டு முழுவதும் கூட வந்தது. தாங்கள் விட்டீர்கள், வரலட்சுமி பிடித்தாள். தாங்கள் மறுபடி தூக்கினீர்கள். சனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள், அந்த நாடகத்தில் அதுவரை அவர்கள் சிரித்திருக்கவில்லை. சூடு பட்டால் வஜ்ரம் இளகிவிடும் என்று ஆரோக்கியதாஸ் பிறகு சொன்னார். எங்கள் காப்பி ஆறிப்போயிருந்தது.

அப்போது தங்கள் சிரஞ்சீவி எழுந்து வந்து, “நீங்க அந்தப் பக்கம் புடிங்க, நான் இந்தப் பக்கம் புடிக்கிறேனுங்க” என்று வரலட்சுமியிடம் சொல்லி, இரண்டு பேரும் தட்டை ஆளுக்கு ஒரு முனையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவர் வாயருகிலும் கொண்டுபோய்ச் சாய்த்துக் குடிக்க வைத்தார்கள். ஒவ்வொருவர் குடித்து முடித்ததும் சனங்கள் கைதட்டினார்கள். தலைப்பாகைப் பெரியவருக்குக் குனிந்த நிலையிலேயே கொடுத்தார்கள். வரலட்சுமி சிரித்துக்கொண்டே இருந்தாள், பயத்தில் சிலருக்கு அப்படிச் சிரிப்பு வருவதுண்டு. பின்வரிசையில் “பாட்டு, பாட்டு” என்று சத்தம் வந்தது. அவள் ஒரு அடி முன்னால் போய், “பாடத் தெரியாதுங்க” என்று பளிச்சென்று சொல்லிவிட்டு வந்து நின்றாள். அதற்கும் கைதட்டல். இல்லையென்பதை இல்லையென்று சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும்தான் உண்டு, எங்கிருந்து கற்றாள் என்று தெரியவில்லை. பிறகு ஒருவர் எழுந்து நின்று, “பொண்ணு புடிச்சிருக்குதான்னு அந்தம்மாவக் கேளுங்க” என்றார். பங்காரம்மா அவர்கள் வரலட்சுமியைப் பார்த்தார்கள், வாயைத் திறந்தார்கள், என்னைப் பார்த்தார்கள், வாயை மூடிக்கொண்டார்கள். தரையை நல்லா இருக்குது என்று சொன்ன அந்த அம்மாள், என் பெண்ணை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்சியில் ஏறும் வரையில் தங்கள் ஏழு பேரில் ஒருவரும் சொல்லவில்லை. நடந்த கேலிக்கூத்தைப் பற்றி எனக்கு வெட்கம் உண்டு, ஆனால் வருத்தம் இது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் பாக்கியசாமி வாத்தியார் மீரான் வண்டியோடு வந்து எல்லாச் சாமானையும் இறக்கினார். அவர் முகமும் நன்றாக இல்லை. “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாதீங்க. மாசாமாசம் எதுக்கு இப்படி அள்ளி அள்ளிக் குடுத்தீங்க? மேடைல நடக்க எடமில்லாம ராஜா ரெண்டு தடவை தடுக்கி விழுந்தாரு” என்றார். பிறகு ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன். “எங்க ஊர்ல பெரியவங்க குடுத்தா வேண்டாம்னு சொல்லப்பிடாதுல்லா” என்றார். நான் நம் பக்கத்து வழக்கத்தின் இரண்டாம் பாதியை அவருக்கு விளக்கினேன். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று, வண்டியில் சுருட்டி வைத்திருந்த ஆரோக்கியதாஸ் வரைந்த அரண்மனைத் தோட்டத் திரையைக் காட்டி, “படம் ரொம்ப நல்லா இருக்குதுங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்து, புதிதாகக் கற்ற பாடத்தை ஒப்பித்தார், “எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி.” அடுத்த பாதியை நான் சொல்வதற்குள் மீரான் அதை இறக்கிக் கூடத்தில் சார்த்திவிட்டார். இருபது அடி நீளம். இப்போது எங்கள் வீட்டில் சாமான்கள் இருக்கின்றன, ஆனால் கூடத்தின் ஜன்னல்கள் இரண்டும் மயில்களுக்குப் பின்னால் போய்விட்டன. ரங்கநாயகி என்னோடு பேசுவதில்லை. வரலட்சுமி மட்டும் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வரும்போதெல்லாம் “தபால் வந்துச்சாங்கப்பா” என்று கேட்கிறாள். ஏதோ பாடப்புத்தகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாள் போலிருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தாங்கள் நல்ல மனிதர். வேண்டாம் என்று எழுத உங்களுக்குக் கை வராது. இன்னும் நாலு மாதம், ஆறு மாதம் யோசித்துக்கொண்டிருப்பீர்கள், ஒவ்வொரு நாளும் உங்களுக்கு அது உறுத்தும். அந்தச் சங்கடத்தை உங்களுக்கு வைக்க எனக்கு மனமில்லை. என் பெண்ணும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி ஆகக் கூடாது. ஆகவே என் அறுபது வயதில் முதல் முறையாக இந்த வார்த்தையை நானே எழுதுகிறேன். இந்தச் சம்பந்தம் நமக்குள் வேண்டாம். எழுதிவிட்டேன். நினைத்த அளவு கஷ்டமாக இல்லை, ஆனால் நன்றாகவும் இல்லை. சிரஞ்சீவி திருவேங்கடத்தின் ஜாதகத்தை இதே உறையில் வைத்திருக்கிறேன், மஞ்சள் கலையாமல் வந்து சேரும். பையன் அருமையான பையன். அறுநூறு பேர் சிரிக்கும்போது எழுந்து வந்து தட்டுக்கு ஒரு கை கொடுக்கிற பிள்ளை எந்த வீட்டுக்கு மருமகனாகப் போகிறானோ, அந்த வீடு புண்ணியம் செய்தது. அது என் வீடாக இல்லை என்பதில் எனக்குத் துக்கம்தான்.

காரமடை ரங்கநாதர் கிருபையால் தங்கள் குடும்பம் ஆல்போல் தழைத்து இருக்க வேண்டும். பங்காரம்மா அவர்களுக்கு ரங்கநாயகியின் நமஸ்காரம். சிரஞ்சீவிக்கு எங்கள் மனப்பூர்வமான ஆசீர்வாதம், நல்ல இடம் சீக்கிரம் அமையட்டும். தலைப்பாகைப் பெரியவருக்குச் சுக்குப் பற்றுப் போட்டுப் பார்க்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் மரியாதையும் உள்ள,
ரா. வரதராஜுலு
(ரிட்டையர்டு ஸ்டோர் கீப்பர்)

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கள் சிரஞ்சீவி தனியாகப் பஸ் ஏறி வந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், இந்தத் தடவை உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மயில்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மா அன்னிக்கு நல்லா இருக்குதுன்னு சொல்ல வாயெடுத்தாங்களாமுங்க. சொன்னா நீங்க பொண்ணையும் உடனே எடுத்துக்குங்கன்னு சொல்லிப்போடுவீங்க, அப்புறம் அந்தப் புள்ளைய ஆரும் ஒரு வார்த்தை கேக்கமாட்டாங்க, அது பாவம்னு வாய மூடிக்கிட்டாங்களாமுங்க. எங்க ஊட்ல ஒம்பது நாளா ஆரும் உங்க பொண்ணப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு சட்டமுங்க. ரொம்பச் செரமமா இருக்குதுங்க. அதுனால நானே கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க.” வரலட்சுமி சாப்பிட வந்திருந்தாள். சாப்பாட்டுக் கையோடு எழுந்து நிலைப்படியில் வந்து நின்று, அவரைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னிடம் “இவரு நல்லா இருக்காருங்கப்பா” என்றாள். தங்கள் சிரஞ்சீவிக்குக் காது சிவந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு “எடுத்துக்குங்க” என்றார். நான் பழக்க தோஷத்தில், “வேண்டாமுங்க, உங்க ஊட்ல” என்று தொடங்கினேன். ஒன்பது நாளாக என்னோடு பேசாமலிருந்த ரங்கநாயகி ஓடி வந்து என் வாயைப் பொத்திவிட்டாள். அவள் கையை எடுத்த பிறகுதான் இந்தப் பின்குறிப்பை எழுதுகிறேன். மறுபடி முழுக் கடிதமும் எழுத எனக்குத் தெம்பில்லை. ஆகையால் மேலே எழுதியிருக்கும் “வேண்டாம்” என்பதை அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளவும். ஜாதகத்தை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். தங்கள் மகனைச் சாப்பாடு போட்டு நாலு மணி பஸ்ஸில் அனுப்புகிறேன், ஆனால் இரவலாகத்தான் அனுப்புகிறேன், சம்பந்தி.